துரைராஜ் பறித்த காளான்

என் அக்கா புருஷன் துரைராஜ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு மசால் தோசை கேட்டார். முந்தின நாள் விடியற்காலை, வாந்தியும் பேதியுமாய்த் துவண்டு போனவரை நாலு பேர் தூக்கி வந்து போட்ட அதே கட்டில். இன்று முகம் தெளிந்து, தலை சீவி, மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

“இன்னா மச்சான், மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிற?”

“நீங்க போய்ச் சேர்ந்தா சைக்கிள் எனக்குன்னு அக்கா சொல்லியிருந்துச்சு மாமா. அந்த ஏமாத்தம்தான்.”

அவர் கட்டில் குலுங்கச் சிரித்தார். சுவரோரம் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அக்கா லூர்துமேரி மட்டும் சிரிக்கவில்லை. ரெண்டு நாளாகப் பொட்டுத் தூக்கமில்லை அவளுக்கு.

என் பின்னால் சாத்துக்குடிப் பையோடு நின்றிருந்தார் மைதிலி மேடம். அல்வாலில் மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்கிறவர்களைப் பிடித்துக் கொடுக்கும் வேலை. அவருக்கு ஒரே உதவியாளன் நான், ஸ்டீபன். நலம் விசாரிக்க வந்தவர் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா? மாட்டார். கேள்வி கேட்காமல் ஒரு கல்யாண வீட்டில் கூடச் சாப்பிட்டதில்லை.

“காளான் எப்ப சாப்பிட்டீங்க?”

“ஞாயித்துக்கெழம. பூசை முடிஞ்சு வந்து, மத்தியானச் சோத்துக்கு. மேரி மிளகு போட்டு வறுத்திருந்தா.”

“வாந்தி எப்ப ஆரம்பிச்சுது?”

“நடுராத்திரி தாண்டி. அதுவரைக்கும் ஒண்ணுமேயில்ல மேடம். இப்பவும் ஒண்ணுமேயில்ல. இவங்கதான் வுட மாட்டேங்கறாங்க.”

மேடம் பையைக் கீழே வைத்தார். என் சட்டையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப்போய் யாருக்கோ போன் போட்டார். மறுமுனையில் வித்யாலட்சுமி. மேடத்தோடு கல்லூரியில் படித்தவர், காளான் ஆராய்ச்சியிலேயே தலை நரைத்தவர். ஸ்பீக்கரில் அவர் குரல் அவசரமில்லாமல்தான் வந்தது.

“சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே வாந்தி வந்தா பெரும்பாலும் பொழச்சுக்குவாங்க மைதிலி. அரை நாள் சும்மா இருந்துட்டு அப்புறம் ஆரம்பிச்சு, மறுநாள் நல்லாயிட்ட மாதிரி எழுந்து உக்காந்தா அதுதான் பயம். வயிறு அடங்கிடும். உள்ள கல்லீரல் போயிட்டிருக்கும். என்ன காளான்னு உடனே பாரு.”

மாமாவுக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் சாஹித்யாவும் அங்கேயே நின்று கேட்டார். இந்தத் தெலுங்கு ஊரில் வளர்ந்தவர், அப்பா அரக்கோணத்துக்காரர். மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் பாதி தெலுங்கில் கிளம்பும்.

“நாக்கூ, எனக்கும் அதே டவுட். பிளட் அனுப்பிருக்கேன், ரிப்போர்ட் சாயங்காலம்தான் வரும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னா ஆயன வினட்லேது, கேக்கவே மாட்டேங்கறார். தானே கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போறாராம். அந்தக் காளான் எதுன்னு காட்டுங்க மேடம். நான் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க மாட்டேன். கையக் காலக் கட்டியாவது அனுப்பிடுவேன்.”

மறுபடியும் உள்ளே போனோம்.

“எங்க பறிச்சீங்க?”

“நம்ம வழக்கமான புத்துலதான்.”

“அது எங்க இருக்கு?”

“அத மட்டும் கேக்காதீங்க.”

“மாமா, உசுரு போற விஷயம்!”

“நக்கோ மச்சான், வேணாம்,” என்று கையை உதறினார். “உனக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புற்றுக்காளான் வருஷா வருஷம் ஒரே புற்றில்தான் முளைக்கும். இடி இடித்து மழை பெய்த மறுநாள் போனால் கூடை நிறைய எடுக்கலாம். எங்கள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் நகை வைத்த இடத்தைக் கூடச் சொல்லிவிடுவார்கள், புற்று இருக்கும் இடத்தைப் பெண்டாட்டிக்கும் சொல்ல மாட்டார்கள். மாமாவுக்கு வொர்க்ஷாப்பில் பெயரே ‘காளான் துரை’. அந்தப் பெயருக்காக அவர் உயிரையும் விடுவார் என்று கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

“நல்ல காளான்தான் மேடம்,” என்றாள் அக்கா. “மஞ்சத்தூள் போட்டுக் கழுவினேன், நெறம் மாறல. கொதிக்கும்போது வெள்ளி மோதிரத்தப் போட்டுப் பாத்தேன், கறுக்கவே இல்ல. எங்கம்மா காலத்துலேர்ந்து அப்பிடித்தான் பாக்கறது.”

மேடம் அவள் பக்கம் திரும்பினார். “மஞ்சளுக்கு இந்த விஷம் தெரியாது மேரி. வெள்ளிக்கும் தெரியாது,” என்று மெதுவாகத்தான் சொன்னார். அக்கா முகம் வெளுத்துப் போனது.

மேடத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்வதற்குத் தனி ஜெபம் ஒன்று வைத்திருக்கிறேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் குவார்ட்டர்ஸ் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ரகுநாதன் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். மாமாவோடு ஒரே செக்ஷனில் ஃபிட்டர், நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்திருக்கிறார்.

“துரையோட புத்து எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?” மேடம் சுற்றி வளைக்கவே இல்லை.

“தெரியாம? வேகன் ஷெட்டுக்குப் பின்னால, முள்ளுக்காட்டு ஓரமா. செக்ஷனுக்கே தெரியுமே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எல்லாருக்கும் தெரியுமா? அப்புறம் ஏன் யாரும் பறிக்கல?”

“அது துரையோடது தம்பி. அடுத்தவன் புத்துல போய் கை வைக்கறதா?” ரகுநாதன் வாய் கொப்பளித்துத் துப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா இப்ப அங்க புத்து ஏது மேடம்? புது லைன் போடணும்னு ஜேசிபி வுட்டுத் தரைமட்டம் ஆக்கிட்டானுங்க. மழைக்கு முன்னாடியே. ஞாயித்துக்கெழம துரை பையில காளானோட வந்தாரா, எனக்கே ஆச்சரியம். கேட்டா மனசு நோகும்னு வுட்டுட்டேன்.”

மாமா பொய் சொல்லியிருக்கிறார். உயிர் ஊசலாடுகிற நேரத்தில் இல்லாத புற்றுக்குக் காவல் இருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் எதிரில் இருந்திருந்தால் வாந்தி இல்லாமலேயே படுக்க வைத்திருப்பேன்.

“கோபத்தை அப்புறம் வச்சுக்கோ. அந்தச் சைக்கிளப் பாரு,” என்றார் மேடம்.

ஹாண்டில்பாரில் மஞ்சப்பை தொங்கியது. மேடம் அதை உள்புறம் வெளியாகத் திருப்பினார்.

“புத்துலேர்ந்து பறிச்சா என்ன ஒட்டியிருக்கணும்?”

“செம்மண். அக்கா ஒவ்வொரு வருஷமும் பையத் தோய்க்கும்போது மாமாவத் திட்டும்.”

“இதுல மண்ணே இல்ல.” பையின் மூலையிலிருந்து நீளமான காய்ந்த இலை ஒன்றை எடுத்தார், அரிவாள் மாதிரி வளைந்தது. கசக்கி என் மூக்கில் வைத்தார்.

“தைலம்! ஜலதோஷத்துக்குத் தேய்ப்போமே, அதே வாசனை.”

“தைலமரம். சைக்கிள்ல போற தூரத்துல தைலமரம் எங்கடா நிறைய இருக்கு? நீ இந்த ஊர்ல பொறந்தவன்தானே?”

“மௌலா அலி மலைக்கு இந்தப் பக்கம் ஒரு தோப்பு இருக்கு மேடம். சின்ன வயசுல அங்க எத்தனை பந்து தொலைச்சிருக்கேன்!”

“கண்டுபிடிக்கத் தெரியாதவன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு. ஏறு.”

பாதி வழியில் அக்கா போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

“ஸ்டீபன், அவரு சட்டைய மாட்டிக்கினாரு. ஆட்டோ கூப்புடு, இல்லன்னா நடந்தே போறேங்கறாரு. டாக்டரம்மா கெஞ்சறாங்க, காதுலயே வாங்க மாட்டேங்கறாரு.”

மேடம் வண்டியை நிறுத்தாமலேயே கத்தினார். “ஆட்டோ வந்தா நீ மயக்கம் போட்டு விழுந்துடு மேரி! உன்னத் தூக்கி உக்கார வைக்கறதுக்குள்ள நாங்க வந்துடறோம்!”

“எனக்கு நடிக்கத் தெரியாதே மேடம்.”

“கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சில்ல? தெரியும்!”

தோப்பில் மழை ஈரம் இன்னும் காயவில்லை. இலைச் சருகு கணுக்கால் வரைக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம். இதற்குள் ஒரு மனிதர் எங்கே குனிந்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடினேன், வழுக்கினேன், எழுந்தேன், மறுபடி ஓடினேன். மாதாவே, மாதாவே என்று வாய் தானாக முனகியது. மேடம் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

“ஸ்டீபன், உங்க மாமா கையில எண்ணெய் பட்டா எதுல துடைப்பார்?”

“காட்டன் வேஸ்ட்ல. வொர்க்ஷாப் ஆளுங்க பாக்கெட்ல எப்பவும் ஒரு உருண்டை இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் இருக்கும்.”

“அப்ப அதோ பாரு.”

ஒரு மரத்தடியில் கறுத்துப்போன பஞ்சு உருண்டை கிடந்தது. பக்கத்திலேயே, சருகைத் தள்ளிக்கொண்டு புதிதாய் முளைத்த மூன்று வெள்ளைக் காளான்கள். பால் வெள்ளை. குடை விரித்து, அவ்வளவு அழகாக நின்றன. சுற்றிலும் ஏற்கெனவே யாரோ பறித்தெடுத்த இடங்கள். ஒரு குடையின் ஓரத்தை ஏதோ பூச்சி கடித்திருந்தது.

“பூச்சி சாப்பிட்டிருக்கு மேடம்! அப்ப இது விஷமில்லதானே?” எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது.

“பூச்சிக்கு இருக்கற வயிறு வேற, உனக்கு இருக்கறது வேற.”

குனிந்து ஒன்றைப் பிடுங்கப் போனேன். என் கைமேல் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

“பிடுங்காத! உங்க மாமாவும் இப்படித்தான பறிச்சிருப்பார்?”

“ஹவ், ஆமா மேடம். கையாலதான். திருகி எடுக்கணும். புத்துல இரும்பு பட்டா அடுத்த வருஷம் காளான் தராதுன்னு கத்தி, கொத்து எதுவும் தொட மாட்டார். எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான்.”

“அதான். மேல இருந்தது எல்லாம் உங்கக்கா சட்டிக்கு வந்துடுச்சு. அடி மட்டும் இங்கயே மண்ணுக்குள்ள நின்னுடுச்சு. அவ எத்தனை மோதிரம் போட்டுப் பாத்தும் என்ன பிரயோஜனம்? பாக்க வேண்டியது வீட்டுக்கே வரல.”

மேடம் தன் பையிலிருந்த டிபன் டப்பாவைத் திறந்து தயிர் சாதத்தை மரத்தடியில் கொட்டினார். ஸ்பூனை எடுத்து, மாமா திருகிய ஓர் இடத்தைச் சுற்றி மண்ணை மெல்ல விலக்கினார். ஒடிந்த தண்டின் அடியில் வெள்ளையாய் ஒரு கிண்ணம் தெரிந்தது. உடைத்த முட்டை ஓட்டுக்குள் தண்டை நட்டு வைத்த மாதிரி. பிறகு பக்கத்தில் நின்ற முழுக் காளான் ஒன்றையும் வேரோடு, மண்ணோடு தோண்டினார். அதன் அடியிலும் அதே கிண்ணம்.

வீடியோவில் வித்யாலட்சுமி வந்தார். “தொப்பி நடுவுல கூரா முனை இருக்கா? புத்துக்காளானுக்கு இருக்கும்.”

“இல்ல. வழவழன்னு இருக்கு.”

“அடியில நீளமா வேர் மாதிரி போகுதா?”

“இல்ல. ஒரு கிண்ணத்துல நிக்குது.”

வித்யாலட்சுமி திரையை நெருங்கி வந்தார்.

“தண்டுல பாவாடை மாதிரி வளையம் இருக்கா பாரு. தொப்பிக்கு அடியில மடிப்பு என்ன நிறம்?”

“வளையம் இருக்கு. மடிப்பு வெள்ளை.”

“மைதிலி, போன்ல பாத்து பேர் சொல்ல மாட்டேன். ஆனா வெள்ளை மடிப்பு, வளையம், கிண்ணம், மூணும் சேர்ந்து வந்தா அது ஆளக் கொல்ற ஜாதின்னு வச்சுக்கிட்டுத்தான் காரியம் பண்ணணும். சமைச்சாலும் அந்த விஷம் போகாது. மண்ணோட டாக்டர்கிட்ட காட்டு, என்னையும் பேசச் சொல்லு. ஓடு!”

காளானை மண்ணோடு வைத்த டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினேன். இந்த முறை எந்த ஜெபமும் ஞாபகம் வரவில்லை.

நர்சிங் ஹோம் வாசலில் ஆட்டோ ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. வராந்தாவில் பெஞ்சின் மேல் அக்கா மல்லாந்து கிடந்தாள். ஒரு நர்ஸ் விசிறிக்கொண்டிருந்தாள். மாமா சட்டை பேண்ட்டோடு, கையைப் பிசைந்துகொண்டு தலைமாட்டில் நின்றார்.

சபாஷ் அக்கா என்று மனசுக்குள் கை தட்டினேன். நாடகக் கம்பெனியில் சேர்த்துவிடலாம் போலிருந்தது. மேடம் டப்பாவோடு டாக்டரிடம் ஓடினார். டாக்டர் சாஹித்யா அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார், வித்யாலட்சுமியிடம் ரெண்டு வார்த்தை பேசினார், உடனே ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார்.

“எனக்கெதுக்கு ஆம்புலன்ஸ்?” மாமா எகிறினார். “நல்லாதான இருக்கேன்! புத்துக்காளான் சாப்ட்டு எவனாவது செத்திருக்கானா?”

“உங்க புத்த ஜேசிபி எடுத்துட்டுப் போயிடுச்சு துரை,” என்றார் மேடம். “இது மௌலா அலி தைலமரத் தோப்புல பறிச்சது. உங்க காட்டன் வேஸ்ட் அங்க கெடக்கு.”

மாமா திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“மழ பேஞ்சுதுன்னா குவார்ட்டர்ஸ் லைன் முழுக்க வாசல்ல நின்னு பாப்பாங்க மேடம், துரை பையில என்ன கொண்டாறான்னு. வெறும் பையோட எப்பிடி வர்றது? இதுவும் வெள்ளையாத்தான இருந்துச்சு. கொஞ்சம்தான் கெடச்சுது, யாருக்கும் குடுக்கல. ரெண்டு பேருக்கும் காணாதுன்னு மேரி எல்லாத்தையும் எனக்கே வச்சிட்டா. சரி, தப்புதான். ஆனா அதான் வாந்தியில போயிடுச்சே. நான் வீட்டுக்குப் போறேன்.”

“போகல. உள்ளதான் இருக்கு,” என்றார் டாக்டர். கோபத்தில் அவருக்கே முழுத் தமிழ் வந்துவிட்டது. “உங்களுக்கு இப்ப நல்லாருக்கறதுதான் அதோட லட்சணம். நாளைக்கு கண்ணு மஞ்சளாச்சுன்னா அப்ப என்கிட்ட வராதீங்க, நான் ஒண்ணும் செய்ய முடியாது!”

“நான் வரமாட்டேன்னா வரமாட்டேன்.”

அக்காவை எழுப்பினாலாவது கேட்பார் என்று குனிந்தேன். “போதும்கா, எழுந்திரு. வந்துட்டோம்,” என்று காதில் சொன்னேன். அவள் கண் திறக்கவில்லை. கையைப் பிடித்தேன். சில்லென்று, வேர்வையில் நனைந்திருந்தது.

“மேடம்...” என்று கையை விடாமலேயே கூப்பிட்டேன்.

மேடம் வந்து அவள் கன்னத்தில் தட்டினார். அக்கா மெல்லக் கண் விழித்தாள். “ஆட்டோ வர்றதுக்கு முன்னயே தலை சுத்திடுச்சு மேடம்,” என்று முனகினாள், ஏதோ வேலையைச் சரியாகச் செய்யாதது மாதிரி.

“நீங்களும் சாப்பிட்டீங்களா அம்மா?” டாக்டர் கேட்டார்.

“இல்லம்மா. நான் சாப்பிடல. அவருக்குத்தான் வச்சேன்.”

டாக்டர் மூச்சு விட்டார். மேடம் விடவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, அக்காவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்.

“சட்டிய யாரு வழிச்சது மேரி?”

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“மிளகு வறுவல் இறக்கின சட்டி. அடியில மசாலா ஒட்டியிருக்கும். அதுல சோத்தப் போட்டுப் பிசைஞ்சு சாப்பிட்டியா?”

“அது... அது சாப்பாடா மேடம்? ரெண்டு வாய். சட்டி கழுவறதுக்கு முன்ன எல்லாரும் பண்றதுதான?”

“வாந்தி எடுத்தியா?”

“நேத்து. இவரு நெலமையப் பாத்து பயந்துதான் வருதுன்னு நெனச்சேன்.”

ரெண்டு நாளாய் இந்த வராந்தாவில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை நான்தான் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தினார். ஊசி, ரத்தம், ரெண்டாவது ஸ்ட்ரெச்சர் என்று அந்த இடமே பரபரத்தது.

மாமா சுவரை விட்டு நகர்ந்தார். ஆட்டோக்காரனிடம் போய், “போப்பா, போயிடு,” என்றார். திரும்பி வந்து அக்காவைத் தன் கையாலேயே தூக்கி ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார். பிறகு அவரே போய் இன்னொன்றில் படுத்துக்கொண்டார். யாரும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆம்புலன்சில் ரெண்டு பேரும் எதிரெதிரே. நடுவில் நான். மெட்டுகூடாவில் டிராபிக் எங்களைப் பிடித்துக்கொண்டது. சைரன் அலறுகிறது, ஒரு பஸ்காரன் நகர மாட்டேன் என்கிறான்.

மாமா கையை நீட்டி அக்காவின் விரலைத் தேடிப் பிடித்தார்.

“மேரி, ஏன்டி சொல்லல?”

“ரொம்ப ருசியா இருந்துச்சுங்க,” என்றாள் அக்கா. “இத்தனை வருஷத்துல இந்த வருஷந்தான் அவ்ளோ ருசி. கொஞ்சம்தான் கெடச்சுதுன்னு நீங்க மொகம் வாடிப் போயிருந்தீங்களா, ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்குப் போனதும் சொல்லலாம்னு வச்சிருந்தேன்.”

மாமா அவள் கையை முகத்தில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாய் விட்டு அழுதார். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எனக்குத் தெரிந்த எல்லா பாஷையிலும் அந்தப் பஸ்காரனைத் திட்டினேன்.